கம்பங்கூழும் காலை மாத்திரையும்

08.08.2011, திங்கள்

ஏழே முக்கால் பஸ். சிதம்பரத்தில் ஏறியவள் ஆலப்பாக்கம் தாண்டும்வரை கண்ணைத் திறக்கவில்லை. கடலூர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது விரல்கள் மரத்திருந்தன. பேனாவைப் பிடித்திருக்கிறேனா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பக்கத்து சீட் ரத்தினம்மாள், "இன்னா இளமதி, இப்பத்தான் தூங்கி எழுந்த மாதிரியே இருக்குற?" என்றாள்.

ஒன்பது மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

14.08.2011

இரண்டு வருடம் முன்பு டாக்டரம்மா சொன்னது: "இதுக்குப் பேரு ஹாஷிமோட்டோ. ஒங்க ஒடம்பே ஒங்க தைராய்டை எதிரின்னு நெனச்சு அடிக்குது. மாத்திரை ஆயுசுக்கும்மா." மற்றதெல்லாம் மறந்துவிட்டது. ஆயுசுக்கும் என்பது மட்டும் நிற்கிறது.

இன்று என் கணவர் என்னை உணவு முகாமுக்கு அழைத்துப்போனார். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு அறையில் நடக்கிறது. நடத்துபவர் தட்சிணாமூர்த்தி, ஓய்வு பெற்ற சர்வேயர். வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். கோதுமை வேண்டாம், பால் வேண்டாம், முட்டைக்கோஸ் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். மூன்று வேளையும் கம்பு, சாமை, வரகு. உப்புக்குப் பதில் இந்துப்பு. என் கணவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கணக்கு வாத்தியார், வரிசை எண் போட்டுத்தான் எழுதுவார்.

"நான் பாத்துக்கறேன் மதி. நீ சாப்பிட்டா போதும்" என்றார்.

சரி என்றேன்.

22.08.2011

அவர் நாலரைக்கு எழுந்துவிடுகிறார். முதலில் என்னை எழுப்பி, வெறும் வயிற்றில் மாத்திரையும் தண்ணீரும் கையில் கொடுக்கிறார். பிறகு அடுப்படி. முதல் வாரம் கூழ் கட்டி கட்டியாக இருந்தது. இப்போது பதம் வந்துவிட்டது. சின்ன வெங்காயம் உரித்து, மோருக்குப் பதில் தேங்காய்ப் பால் ஊற்றி, டிபன் பாக்ஸில் அடைத்து வைக்கிறார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான். எனக்காக அவரும் காபியை விட்டுவிட்டார்.

என் மனம் நெகிழ வேண்டும். நெகிழவில்லை. நெகிழ்ந்தவள் மாதிரி சிரித்தேன். அவருக்குச் சந்தோஷம்.

02.10.2011

மூன்று கிலோ குறைந்திருக்கிறேன். வயிறு லேசாக இருக்கிறது. அது உண்மை.

இன்று மாத்திரையை விழுங்கவில்லை. அவர் கொடுத்தார், வாயில் போட்டேன், தண்ணீர் குடித்தேன், நாக்குக்கு அடியிலேயே வைத்திருந்து வாஷ்பேசினில் துப்பினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பாட்டாலேயே சரியாகிவிட்டால் ஆயுசுக்கும் என்ற அந்தச் சொல் பொய்யாகிவிடும் இல்லையா? அதற்காகவா? தெரியவில்லை.

06.10.2011

நிறுத்தியது யாருக்கும் தெரியவில்லை. எனக்கே எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

23.10.2011

முகாமில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். "இந்த அம்மாவப் பாருங்க, ரெண்டே மாசம்" என்றார் தட்சிணாமூர்த்தி. எல்லோரும் கை தட்டினார்கள். முடிந்ததும் தனியாகக் கேட்டார்: "மாத்திரைய டாக்டர் கிட்ட கேட்டுத்தான் கொறைக்கணும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

வெளியே வந்ததும் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். லோகநாயகியாம். அவளுக்கும் தைராய்டு. "மாத்திரை சாப்புடறீங்களாக்கா?" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்?

24.11.2011

குரல் கட்டியே கிடக்கிறது. போனில் பேசியவர் என்னை "சார்" என்றார். திருத்தவில்லை. பஸ்ஸில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போவது நான் ஒருத்திதான். கண்ணாடியில் பார்த்தேன். புருவம் பாதிவரைதான் இருக்கிறது.

30.12.2011, வெள்ளி

புயல். விடியற்காலையிலிருந்து காற்று. கரண்ட் இல்லை. எதிர்வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை எங்கள் வாசலில் வந்து விழுந்தது. கடலூர்ப் பக்கம்தான் பலத்த அடி என்கிறார்கள். தம்பிக்குப் போன் போகவில்லை.

02.01.2012

வழியெல்லாம் மரம் கிடந்தது. குறிஞ்சிப்பாடியிலிருந்து கடைசி மூன்று மைல் நடந்துதான் போனோம். தம்பி சடையப்பனின் முந்திரித் தோப்பில் நிற்கும் மரம் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேரோடு சாய்ந்து ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. பலாவும் போய்விட்டது. இவரைப் பார்த்ததும், "மாமா, எல்லாம் போச்சு மாமா" என்று தோளைக் கட்டிக்கொண்டு அழுதான். இவரும் அழுதார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் கேஸ் அடுப்பை மூடினோமா என்று யோசித்தேன்.

சடையப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "அப்பா வெச்ச மரம்க்கா. ஒனக்கு ஒண்ணுமே தோணலியா?"

"தோணுது" என்றேன்.

பொய்.

21.01.2012

எங்கள் தோட்டக்கலை அலுவலகத்தில் இப்போது வேறு வேலையே இல்லை. சேதப் பட்டியல் தட்டச்சு செய்கிறேன். ஊர், பெயர், பயிர், பரப்பு. இன்று 214வது பெயர் சடையப்பன், முந்திரி, இரண்டு ஏக்கர். அடித்தேன். பிறகு 215.

13.02.2012

பஸ் படியில் விழுந்துவிட்டேன் என்றார்கள். கண் விழித்தபோது சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். கால் மேல் இரண்டு போர்வை. அப்படியும் குளிர்.

15.02.2012

ரத்த ரிசல்ட் வந்தது. டிஎஸ்எச் நான்கைத் தாண்டக் கூடாதாம். எனக்குத் தொண்ணூற்றாறு. புது டாக்டரம்மா காகிதத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, "மாத்திரை சாப்புடறதே இல்லியா?" என்றார்.

"நான்தான் தெனமும் என் கையால குடுக்கறேன் டாக்டர்" என்றார் இவர். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

நான் சொல்லிவிட்டேன். நாக்குக்கு அடியில். வாஷ்பேசினில். நாலரை மாசமாக.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா நெனவு திரும்பாமலே போயிருக்கும். சாப்பாட்ட மாத்துங்க, வேணாம்னு சொல்லல. மாத்திரை எடத்துல சாப்பாட்ட வெக்காதீங்க. ஒங்க தைராய்டு பாதிக்கு மேல அழிஞ்சு போச்சு. கூழு அதத் திருப்பிக் கொண்டாராது." கம்பு மூன்று வேளையும் கூடாதாம், அதுவே தைராய்டை மந்தமாக்குமாம். இந்துப்பை விட்டுவிட்டுச் சாதாரண அயோடின் உப்பே போடச் சொன்னார்.

இவர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார்.

18.02.2012

வீட்டுக்கு வந்து இரண்டு நாள். இன்று காலைதான் பேசினார். "என் கண்ணு முன்னாடிதானே வாயில போட்ட மதி? தெனமும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இல்ல ஏமாத்துன?"

இங்கே எழுதத்தான் வருகிறது: ஆமாங்க. ஏமாத்துனேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியலங்க.

மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டார். அடுப்படியில் ஒன்றும் இல்லை. நானே அரிசி களைந்தேன்.

04.03.2012

அலாரம் வைத்து நானே எழுகிறேன். மாத்திரை, தண்ணீர், பிறகு ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. முன்பெல்லாம் மாத்திரை போட்ட கையோடு காபி குடித்திருக்கிறேன், அதுவும் தப்பாம். கால்சியம் மாத்திரையும் கூடச் சேரக் கூடாதாம், சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டேன். கம்பு வாரம் ஒரு நாள். கீரை, முட்டை, பரங்கிப்பேட்டை மீன். கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, அதை மட்டும் விட்டது விட்டதாகவே இருக்கட்டும்.

அவர் தனியாகக் காபி போட்டுக் குடிக்கிறார்.

11.03.2012

முகாமுக்குப் போனேன். யாரும் அழைக்கவில்லை. தட்சிணாமூர்த்தியிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. "எல்லாருக்கும் சொல்லிடுங்கம்மா" என்று அவரே மைக்கைக் கொடுத்தார். சொன்னேன். வெட்கம் வரவில்லை. பேருந்து நேரம் அறிவிப்பது மாதிரி சொல்லி முடித்தேன். இந்த முறை யாரும் கை தட்டவில்லை.

லோகநாயகி பின்னாலேயே ஓடிவந்தாள். "நான் ரெண்டு மாசமா போடறதில்லக்கா. ஒங்கள நம்பித்தான்."

அங்கிருந்து நேராக அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ரத்தம் கொடுக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தேன். அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, வாசலில் அவள் புருஷன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

02.04.2012

டிஎஸ்எச் இருபத்திரண்டு. லோகநாயகிக்கு முப்பத்தொன்று. மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

19.05.2012

இன்று ஸ்வெட்டர் இல்லாமல் போனேன். சாயங்காலம்தான் கவனித்தேன்.

27.05.2012

மாத்திரை போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அவர் குரல். "மணி ஆச்சு. காபி குடிக்கலாம்."

இரண்டு டம்ளர். எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். சர்க்கரை கம்மி என்றேன். "போட்டுக்கோ" என்றார். பிப்ரவரிக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த நீளமான பேச்சு இதுதான்.

25.06.2012

டிஎஸ்எச் நான்கு புள்ளி எட்டு. டாக்டரம்மா சிரித்தார். இவர் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

09.07.2012, திங்கள்

காலை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சடையப்பன் போன் செய்தான். முந்திரிக் கன்று வைத்துவிட்டானாம், பலன் வர மூன்று வருடமாவது ஆகுமாம். அதுவரை திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறான். இன்றைக்கே.

"பொண்டாட்டி புள்ளைங்கள பாத்துக்கக்கா. நான் போயிட்டு போன் பண்றேன்."

"பொட்டி கட்டிட்டியா?"

"இன்னா பெரிய பொட்டி, ஒரு பைதான். வெச்சிரவா? நீ சாப்டியா?"

சாப்பிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தமாக அழுதுவிட்டேன். நிறுத்த முடியவில்லை. "அக்கா, அக்கா" என்று அவன் அந்தப் பக்கம் கூப்பிடுகிறான், பதில் சொல்ல வரவில்லை. பூ விற்கிற அம்மா கூடையை நகர்த்திவிட்டு என்னை உட்கார வைத்தாள். "இன்னாம்மா ஆச்சு, யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இல்லம்மா. என் தம்பி ஊருக்குப் போறான்."

"அதுக்கா இப்பிடி?" என்று முந்தானையால் விசிறினாள்.

முகம் கழுவிவிட்டு வருவதற்குள் ஏழே முக்கால் பஸ் போய்விட்டது. அடுத்தது எட்டரைக்கு. அதிலும் கூட்டம், கடலூர்வரை நின்றுகொண்டே போனேன். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.