மலைச்சரிவில் ஏரி வண்டல்

அணைக்கட்டு,
5.12.1956, புதன்கிழமை.

அன்புள்ள உங்களுக்கு,

பூரணி எழுதுவது. நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் செய்தி.

ஜவ்வாது மலையில் நீங்கள் நட்ட வாட்டில் கன்றுகளை யாரும் வெந்நீர் ஊற்றிக் கொல்லவில்லை. வேர் அழுகித்தான் செத்திருக்கின்றன. இதைச் சொன்னவர் விவசாய இலாகா டெமான்ஸ்ட்ரேட்டர் ரத்தினசாமி. ஞாயிற்றுக்கிழமை அவர் மலைக்கு வந்து, மக்பூல் அகமது சாயபுவும் நானும் பக்கத்தில் நிற்க, செத்த கன்றுகளின் குழிகளைத் தோண்டிப் பார்த்தார். அழுகிய வேரை நானும் கையில் வாங்கிப் பார்த்தேன். வேலு மீது நீங்கள் கொடுத்த பிராதில் இருப்பது நடக்கவில்லை.

எப்படித் தெரிந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் பம்பாய்க்குப் போன பிறகு சாயபு அந்தச் சரிவை விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். விடவில்லை. தோல் பதனிட வெளிநாட்டு வாட்டில் பட்டையை நம்பி டேனரி நடத்துவது ஜாஸ்தி பேஜாராக இருக்கிறதாம். மறுபடியும் கன்று நடப் போகிறாராம். நடுவதற்கு முன்னால் இலாகா ஆள் ஒருவர் மண்ணைப் பார்க்கட்டும் என்று அவரே எழுதிப்போட்டு ரத்தினசாமியை வரவழைத்தார். உங்களுக்குப் பதிலாக வழி காட்ட ஒருவர் வேண்டும் என்று சொல்லி என்னையும் கூப்பிட்டார். பள்ளிக்கூடம் விடுமுறை, போனேன்.

ரத்தினசாமி முதலில் நம் குழிகளின் பக்கமே வரவில்லை. காட்டு ஓரமாகப் போய், யாரும் கை வைக்காத இடத்தில் இடுப்பளவு தோண்டினார். மேலே அரைச்சாண் மக்கிய இலை. அதன் கீழே கறுத்த மண், பொலபொலவென்று இருந்தது. கையில் பிடித்தால் உருண்டையாகிறது, விரலால் தொட்டால் உதிர்ந்துவிடுகிறது. அதற்கும் கீழே செம்மண்ணும் சரளையும், பிறகு கையால் நொறுக்கக்கூடிய உளுத்த கல். நடுவில் எங்கு பார்த்தாலும் பழைய வேர் ஓடிய துளைகளும் மண்புழுத் துளைகளும். ஒரு குடம் தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றச் சொன்னார். சாயபுவின் ஆள் ஊற்றிவிட்டுக் குடத்தை நிமிர்த்துவதற்குள் தண்ணீர் இல்லை.

நீங்கள் ஆடியில் என்னிடம் சொன்ன அதே குறையை நான் அவரிடம் சொன்னேன். இந்த மண்ணில் தண்ணீர் தங்காது, ஓட்டைப் பானை மாதிரி என்றேன். அவர் சிரித்துவிட்டு, தண்ணி தங்காதும்மா, ஈரம் தங்கும், தொட்டுப் பாருங்க என்றார். அந்த வாரம் முழுக்க மழையில்லை. கறுப்பு மண்ணை அள்ளிப் பார்த்தேன், குளிர்ச்சியாக இருந்தது. வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விட்டுவிடுகிற மண் இது, அப்படி விடுவதால்தான் வேருக்குக் காற்றுக் கிடைக்கிறது, வாட்டிலுக்கு இதைவிட நல்ல மண்ணைத் தேடிப் பிடிக்க முடியாது என்றார்.

அதன் பிறகுதான் நம் குழிக்கு வந்தார். நீங்கள் ஊர் ஏரியிலிருந்து கொண்டுவந்து போட்ட வண்டலை வெட்டி எடுத்ததும் அடியில் தண்ணீர் நின்றது. மழை நின்று அத்தனை நாள் ஆகியும் தொட்டியில் நிற்பதுபோல நின்றது. டேனரியில் தோல் ஊறும் தொட்டியைக் கிளறினால் வருமே, அந்த நாற்றம். சாயபுவே மூக்கைப் பொத்திக்கொண்டு, மலைமேலயும் நம்ம ஷாப்பு வாசனைதானா என்றார். வேரின் தோல் கறுத்து, இழுத்ததும் உறைபோல உருவிக்கொண்டு வந்தது. குழியின் சுவரிலும் அடியிலும் வண்டலைப் பூசி மிதித்ததால் அது ஒரு சட்டியாகிவிட்டது, சுற்றிலும் இருக்கிற மண் எவ்வளவு குடித்தாலும் சட்டிக்குள் இருக்கிற தண்ணீருக்கு வழியில்லை என்று ரத்தினசாமி சொன்னார்.

நீங்கள் ஒன்று கேட்பீர்கள். பிராதிலும் அதைத்தான் எழுதியிருந்தீர்கள். வேலு நடந்துபோகும் பாதையை ஒட்டிய வரிசைகள் மட்டும் செத்து, மேல் வரிசைகள் ஏன் பிழைத்தன என்று. நானும் அதையே கேட்டேன். மேலே வண்டல் போட்டீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாதை முடிகிற இடத்துக்கு மேல் கழுதைகள் ஏறவில்லை. மேல் வரிசைகளை வெறும் மண்ணிலேயே நட்டீர்கள், அந்த வருத்தத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அந்த வரிசைகள்தான் இன்று என் தோள் உயரம் நிற்கின்றன.

காவேரிப்பாக்கத்துக்குப் போய் அத்தையிடம் இதைச் சொன்னேன். அத்தைக்குக் கோபம். ஏரி வண்டல் போட்டா பயிரு சாவுமா, எந்த ஊரு ஆபீசரு அவன், எங்க கயனியில வந்து பாக்கச் சொல்லு என்றார்கள். கோடையில் ஏரி வற்றினதும் வண்டி கட்டி வண்டல் அடிக்கிற குடும்பம், வேறு எப்படிச் சொல்வார்கள்? நீங்களும் அந்த வீட்டுப் பிள்ளைதான். கன்றுகள் நன்றாக வரட்டும் என்றுதான் அவ்வளவு தூரம் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போனீர்கள். வண்டலுக்காக உங்களை யாரும் குறை சொல்லவில்லை, சாயபுவும் சொல்லவில்லை. ஏரி இந்த வருஷம் நிரம்பிக் கலங்கல் வழிகிறது. அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி.

இனி வேலு விஷயம்.

அவன் இன்னும் சப்ஜெயிலில்தான் இருக்கிறான். ஜாமீனுக்கு நிலமுள்ளவர்கள் இரண்டு பேர் வேண்டுமாம். மலையில் யாரிடம் பட்டா இருக்கிறது? அவன் விதைத்திருந்த சாமையை அறுக்க ஆளில்லாமல் பாதி உதிர்ந்துவிட்டது. அவன் பெண்சாதி பூங்காவனம் திங்கட்கிழமை நம் வீட்டுக்கு வந்தாள். காப்பி கொடுத்தேன், வேண்டாம் என்று தள்ளிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். முடியும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்ப உங்க ஊட்டுக்காரரு இன்னாத்தம்மா பாத்தாரு என்று கேட்டாள்.



வண்டல் ஏற்றிய நாளில் வேலு உங்களைக் கேலி செய்தது எனக்குத் தெரியும். ஏரியத் தூக்கியாந்துட்டீங்களே மேஸ்திரி, மீன் எப்ப வரும் என்று கூலிக்காரர்கள் எதிரில் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சாமை விதைத்துக்கொண்டிருந்த சரிவில் ஒரு பங்கு குத்தகைக்குப் போன ஆத்திரமும் அவனுக்கு இருந்தது. அவன்மேல் உங்களுக்குச் சந்தேகம் வந்ததை நான் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து நீங்கள் என்னிடம் சொன்னது, வேலு பானையோடு அந்தப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்பதுதான். ஊற்றியதைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. மறுநாள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தபோது, ஆவி பறக்கிற தண்ணீரைக் கன்றின் அடியில் ஊற்றியதைக் கண்ணால் கண்டேன் என்று ஆகிவிட்டது. பூங்காவனம் சொல்வது, அது சுனைத் தண்ணீர், தினமும் அந்த வழியாகத்தான் எடுத்துவருவார்கள். சுனைக்கு வேறு பாதை இல்லை என்பதை ஞாயிற்றுக்கிழமை நானே நடந்து பார்த்தேன்.

சாயபுவிடம் போய், வழக்கை நீங்களே முடித்துவிடக் கூடாதா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கன்னு என்னுதும்மா, போனா போவுது, வேற நட்டுக்குவேன், ஆனா பாத்தேன்னு எழுதினது உம் புருசன் ராஜவேலு, பாக்கலைன்னு அவன் வாயாலதான் சொல்லணும், நான் போயி இன்னாத்தச் சொல்றது என்றார். ரத்தினசாமி சாட்சி சொல்ல வருகிறேன் என்றிருக்கிறார். ஆனால் அவரால் வேர் அழுகியதைத்தான் சொல்ல முடியும். நீங்கள் பார்த்ததாக எழுதியதை அவரால் அழிக்க முடியாது.

உங்களுக்கு என்ன ஆகும் என்பதையும் விசாரித்தேன். வேலூரில் வக்கீல் குமாஸ்தா பரந்தாமன் சொன்னது: கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டு அதையே திரும்பச் சொன்னால் அது பெரிய குற்றம். அதற்கு முன்னால் போய், தவறாக எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டால் மாஜிஸ்திரேட் கண்டித்து விட்டுவிடலாம், அபராதம் போடலாம், உள்ளே வைக்கவும் செய்யலாம். எது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. ஒன்றும் ஆகாது என்று எழுதி உங்களை வரவழைக்க எனக்கு இஷ்டமில்லை. ஏதாவது ஆனால் நான் இருக்கிறேன், என் சம்பளம் இருக்கிறது.

போன கடிதத்தில் சுந்தரியின் படிப்பைக் கேட்டிருந்தீர்கள். கணக்கில் நன்றாக இருக்கிறாள். அப்பா எப்போது வருவார் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். பூங்காவனம் வந்த அன்று அவளும் உள்ளேதான் இருந்தாள், எல்லாவற்றையும் கேட்டாள்.

தாராவி டேனரியில் உங்களுக்கு லீவு கொடுக்கும்படி சாயபு தன் தம்பிக்கு எழுதிவிட்டார். அந்தக் கடிதமும் இன்றைய தபாலில்தான் வருகிறது. சென்னை மெயிலில் அரக்கோணம் வந்து இறங்கினால் காட்பாடிக்கு வண்டி உடனே இருக்கிறதாம். பம்பாயில் மழை இல்லை என்று எழுதியிருந்தீர்கள், இங்கே குளிர், கம்பளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு வரும் இருபதாம் தேதி வியாழக்கிழமை வேலூர் கோர்ட்டில் எடுத்துக்கொள்ளப்படும். அன்று நான் லீவு போட்டிருக்கிறேன். பூங்காவனத்துக்குக் கோர்ட்டு எங்கே என்று தெரியாது, அவளை நான்தான் அழைத்துக்கொண்டு போகிறேன். வேலுவின் பெயரைக் கூப்பிட்ட பிறகு உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று பரந்தாமன் சொன்னார்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். பதில் வந்து சேர ஆகும் நாளில் நீங்களே வந்துவிடலாம். கடவுள் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

என்றும் உங்கள்,
பூரணி.