ஐம்பத்தோராவது மணி

கீழ்க்கணக்கு லயம்,
ருவான்வெல்லை.
18.02.2002

அன்பு அனிற்றாவுக்கு,

மாதா துணையால் நலம். குவைத் வெயில் உன்னை அதிகம் வாட்டாமல் இருக்க வேண்டும். ஒரு சேதி சொன்னால் சிரிப்பாய். சிரித்துவிட்டு மேலே படி. சித்திரை வருசத்து மரதன் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். தோட்டச் சந்தியிலிருந்து ருவான்வெல்லை மைதானம் வரை, பத்துக் கிலோமீற்றர்!

காலையில் ரப்பர் பால் வெட்டி நிறுத்துக் கொடுத்துவிட்டு, பின்னேரம் ஓடுகிறேன். காலுக்கு முன்னால் மனசுதான் உட்கார்ந்துவிடுகிறது. அதனால் தவக்காலத்துக்கு ஒரு நேர்த்தி: செபமாலை சொல்லிக்கொண்டே ஓடுவது. ஐம்பது மணியும் முடியும்போது சரியாக, மாதா சிலை வைத்த ரோட்டோரக் கெபி வந்துவிடும். அங்கே முழங்காலில் இருந்து கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன். பக்கத்து வீட்டு ஜெயம்மா அக்கா, "என்னா தம்பி, நாய் வெரட்டுதா?" என்று தினமும் கேட்கிறார்.

ஜூலையில் உன் இரண்டு வருச ஒப்பந்தமும் முடிகிறது. வந்துவிடு, புள்ள. நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை.

உன்,
ரொபர்ட்


குவைத்
10.03.2002

அன்பு அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டுக்கார மெடம் வந்து என்னவென்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன்.

கோபிக்காமல் கேளுங்க. சமைக்க என்று நீங்க கட்டத் தொடங்கிய குசினிச் சுவர் இடுப்பளவில் நிற்கிறது. மோட்டார் சைக்கிள் லைசன்ஸுக்கு எழுத்துப் பரீட்சையோடு நின்றீங்க. கோயில் பாட்டுக் குழுவில் கிற்றார் பழகியது மூன்று நாள். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் உங்களைப் 'பாதிவழி ரொபர்ட்' என்று சொல்வது எனக்குத் தெரியாதா? உங்களுக்குச் சிரிப்பு, எனக்கு வலிக்கும். இன்னும் இரண்டு வருசம் இருக்கச் சொல்லி மெடம் ஒரு தாள் தந்திருக்கிறார். கையெழுத்துப் போடாமல் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். நீங்க ஏதாவது ஒன்றை, ஒன்றே ஒன்றை முடித்தீங்க என்று கேள்விப்பட்டால் அதைக் கிழித்துப் போடுவேன்.

இங்கே செபமாலையை வெளியில் எடுக்க முடியாது. உடுப்பு அயர்ன் பண்ணும்போது விரலில் எண்ணுவேன். ஐம்பது முடியும், உடுப்புக் கூடை முடியாது. அப்போது ஐம்பத்தோராவதாக உங்க பெயரைச் சொல்லிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். அப்படித்தான் என் நாள் ஓடுகிறது.

ஓடிவிட்டு வந்ததும் பச்சைத் தண்ணீரில் குளிக்காதீங்க.

உங்க,
அனிற்றா


கீழ்க்கணக்கு லயம்
22.04.2002

அன்பு அனிற்றாவுக்கு,

முதலில் பாவசங்கீர்த்தனம். தினமும் கெபி வரைக்கும்தான் ஓடினேன். திரும்பி வந்தது பஸ்ஸில். போட்டிக்குக் கெபி பாதிவழிதான் என்று தெரியும். மீதியை மாதா பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

நேற்றுத்தான் ஓட்டம். கெபிக்கு நான் நாலாவது ஆளாக வந்தேன். ஐம்பதாவது மணி முடிந்தது. இரண்டு மாதப் பழக்கமல்லவா, முழங்கால் தானாக மடிந்து தரையில் இருந்துவிட்டது! கண்ணை மூடிக் கும்பிடுகிறேன், பின்னால் வந்தவர்கள் எல்லாம் தாண்டிப் போகிறார்கள். எழும்பினால் தொடை இரண்டும் இறுகிப் போயிருந்தன. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக்குப் போகும் என் பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் தெரிந்தவர். "நகினவாத மல்லி?" ஏறுறீங்களா தம்பி என்று சிங்களத்தில் கேட்டுக் கையை நீட்டினார்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒரு காலை மிதிபலகையில் வைத்துவிட்டேன்.

அப்போது உன் உடுப்புக் கூடை ஞாபகம் வந்தது. காலை எடுத்தேன். ஐம்பத்தோராவதாக "அனிற்றா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, ஒன்றிலிருந்து தொடங்கி ஓடினேன். குசினி, லைசன்ஸ், கிற்றார் என்று பாதியில் விட்டதெல்லாம் மணிக்கு மணி முன்னால் வந்தது. அழுதுகொண்டுதான் ஓடினேன். சனம் வேர்வை என்று நினைத்திருக்கும்.

மைதானத்தில் பரிசு கொடுத்து முடித்து, பானையைத் தொங்கவிட்டு முட்டி உடைக்கும் போட்டி தொடங்கியிருந்தது. முடிவுக் கயிற்றைச் சுருட்டிவிட்டார்கள். மைக்கில் பேசியவர் என்னைக் கண்டு, "ரொபட் மல்லி, தவ டிக்காய்!" இன்னும் கொஞ்சம்தான் என்று கத்தினார். முட்டி உடைக்கக் கண்ணைக் கட்டி நின்றவர் கட்டை அவிழ்த்துவிட்டு ஓடிவந்து கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார். நான்தான் கடைசி. ஆனால் முடித்துவிட்டேன், அனிற்றா.

பரிசு ஒன்றும் இல்லை. அந்தக் கயிற்றில் ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். இதற்குள் இருக்கிறது.

உன்,
ரொபர்ட்


குவைத்
11.05.2002

அன்பு அத்தானுக்கு,

கயிற்றுத் துண்டு பத்திரமாக வந்தது. அயர்ன் பண்ணின உடுப்பின் மேல் வைத்து அழுததில், ஒரு சட்டையை மறுபடி அயர்ன் பண்ண வேண்டியதாயிற்று.

முதலாவதாக வந்தேன் என்று எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பஸ்ஸில் கால் வைத்ததை ஒளிக்காமல் எழுதினீங்களே, அதனால் மீதி எல்லாவற்றையும் நம்புகிறேன். உங்களை நினைத்துப் பெருமையாக இருக்கிறது.

தாளைக் கிழித்துவிட்டேன். ஜூலை ஆறாம் திகதி காலையில் பிளேன் வந்து சேரும். குசினிச் சுவரை அவசரப்பட்டுத் தொடாதீங்க, இரண்டு பேருமாகக் கட்டுவோம்.

கட்டுநாயக்க எயார்போர்ட்டுக்கு ஓடி வர வேண்டாம், பஸ்ஸிலேயே வாங்க. ஆனால் திரும்பி வரும்போது கெபியில் இறங்கிவிடுவோம். பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு அங்கிருந்து வீட்டுக்கு நடப்போம். அந்த வழியை நீங்க இன்னும் ஒருநாள்கூடக் காலால் வரவில்லை.

உங்க,
அனிற்றா