சுவருக்கு இந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

வார்டு மேசையின் ஓரத்தில் ஒரு பழந்துணி மூட்டை இருக்கிறது. அவிழ்த்துப் பார்க்க வேண்டியதில்லை, சாமைதான். மலைவீட்டு அடுப்புக்கு மேலே பரணில் கிடந்து புகை குடித்த சாமைக்கு ஒரு வாசனை உண்டு. பன்னிரண்டு வருஷமாகியும் என் மூக்கு அதை மறக்கவில்லை. "இன்னா சிஸ்டர், மூட்டையையே பாத்துக்கினு ஒக்காந்துக்கிறீங்க?" என்று ஆயா கேட்டுவிட்டுப் போனாள். பிரசவப் பதிவேடு எழுதவேண்டிய நேரத்தில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொண்டுவந்தவள் வெள்ளச்சி. நம் மருந்தகத்துக்கு மேலே, பலாமரத்து வீட்டுக்காரி. மகளைப் பிரசவத்துக்கு மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்திருந்தாள். பேத்தி பிறந்து தாயும் பிள்ளையும் சுகம். நேற்று மத்தியானம் ஊருக்குக் கிளம்புமுன் மூட்டையை வைத்துவிட்டு உன்னைப் பற்றி ஒன்று சொன்னாள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் செய்ததை முதலில் சொல்லாமல் அவள் சொன்னதற்குப் போக முடியாது. இதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை.

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தால் நம் மிஷன் மருந்தகம். அது எமர்ஜென்சி வருஷம். கீழே நாடே வாயை மூடிக்கொண்டிருந்தது. மேலே நீ மட்டும் மூடவில்லை. நாம் தங்க இருந்த ஒரே அறையை இரண்டாக்க நடுவில் எழுப்பிய சுவர் கூரையைத் தொடாமல் முக்காலில் நின்றுவிட்டது, சிமெண்டு தீர்ந்துபோயிற்றாம். விடியற்காலை ஐந்து மணிக்கு நீ முழங்காலில் நின்றால் உன் ஜெபம் முழுவதும் சுவரேறி என் பாய்க்கு வந்துவிடும். மனசுக்குள் ஜெபிக்கிற வழக்கம் உனக்குக் கிடையாது. "ஆண்டவரே, பக்கத்து ரூம் குட்டச்சி என் சர்க்கரைய எடுத்துக் காப்பி போட்டுக்கிறா, அவளுக்கு மனந்திரும்புதல குடுங்க" என்பாய். நான் படுத்தபடியே "ஆமென்" போடுவேன். ஊர் ஜனங்களுக்கு நீ நெட்டை நர்சம்மா, நான் குட்டை நர்சம்மா.

வழிநடத்துதல் என்ற ஒரு சொல்லை உன் அளவுக்கு வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊசி மருந்து தீர்ந்தால் யார் இறங்கிப்போய் வாங்குவது என்பதற்குக்கூட நீ ஆண்டவரைக் கேட்பாய். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்க்கிற கட்சி நான். ஒருமுறை லீவில் போகலாமா என்று கேட்டு விரல் வைத்தேன். கூடாரத்துத் திரைச்சீலை இத்தனை முழம் என்று வந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "தையக்காரன்கிட்ட போகச் சொல்றாரு, போய்ட்டு வா!" விரல் வைப்பதும் அடையாளம் கேட்பதும் நம்பிக்கை பத்தாதவர்கள் செய்கிற வேலை என்பது உன் எண்ணம். கேட்டுவிட்டுக் காத்திரு, உள்ளே சமாதானம் வந்தால் போ, வராவிட்டால் உட்கார். தடை வந்தாலும் உடனே ஒப்புக்கொள்ள மாட்டாய். "கதவு சாத்திக்கிச்சுன்னா ஆண்டவர்தான் சாத்தினாரான்னு பாரு. காத்தும் சாத்தும்" என்பாய்.

ஒருநாள் கீழே இறங்கும் பஸ்ஸில் ஏறப்போனவள் படியில் கால் வைத்துவிட்டு எடுத்தாய். சமாதானம் இல்லையாம். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் திரும்பி நடந்தோம். பஸ் ஒரு கீறல் இல்லாமல் வேலூர் போய்ச் சேர்ந்தது. அடுத்த தரம் பஸ்ஸுக்குப் போனபோது கண்டக்டர் நம்மைப் பார்த்துச் சிரித்தான், எனக்கு மானமே போயிற்று. "ஒண்ணும் ஆவலியே!" என்று உன்மேல் பாய்ந்தேன். "நாம ஏறலியே, அதான் ஆவல" என்றாய். உன்னோடு எப்படிச் சண்டை போடுவது?

ஆனி மாசம் உனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கீழே கணியம்பாடிப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி. மின்விளக்கு, குழாய்த் தண்ணீர், கூப்பிட்ட குரலுக்கு டாக்டர். கண்ணமங்கலத்தில் இருந்த உன் அம்மாவை வாராவாரம் போய்ப் பார்க்கலாம். விருப்பம் இல்லாவிட்டால் எழுதித் தெரிவிக்கலாம் என்றும் போட்டிருந்தது. நீ கடிதத்தை மடித்து வைத்தாய். அன்று முழுவதும் என் கை எதிலும் நிற்கவில்லை. டாக்டர் ஜீப்பில் வருவது பதினைந்து நாளுக்கு ஒரு தரம். நடுவில் கால் முன்னால் வரும் பிரசவம் வந்தால் நான் உன்னைக் கூப்பிடுவேன், நீ யாரையும் கூப்பிடமாட்டாய். நீ போய்விட்டால் அந்தக் காட்டில் நான் தனி. சேவை, தியாகம் என்றெல்லாம் எழுதி உன்னை ஏமாற்றப் போவதில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை சுவருக்கு மேலே உன் குரல் வந்தது. என்றையும்விட உரக்க, நிறுத்தி நிறுத்திக் கேட்டாய். "ஆண்டவரே, நான் யாரையும் கேக்கமாட்டேன். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள இந்த ஜனங்கள்ல யாராச்சும் ஒரு படி சாமை கொண்டாந்து என் கையில குடுக்கட்டும். குடுத்தா இங்கியே இருக்கேன். இல்லாட்டி கீழ போறேன்."

ஆனி மாசத்தில் மலையில் சாமை ஏது? கொல்லைக்காட்டில் விதைக்கிற மாசம் அது. விதைக்கென்று எடுத்து வைத்ததைத் தவிர எந்த வீட்டிலும் ஒரு பிடி இருக்காது. ஜனங்கள் காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றுகொண்டிருந்தார்கள். அது தெரிந்தேதான் நீ கேட்டாய் என்று நினைத்தேன். போவதென்று தீர்மானித்துவிட்டாய், ஆண்டவர் கையால் கதவைச் சாத்தவைக்கிறாய் என்று எனக்குக் கோபமும் வந்தது.

நான் வெள்ளச்சி வீட்டுக்கு ஏறினேன். அவள் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான், என் பேச்சைத் தட்டமாட்டாள். "ஒரு படி சாமை நெட்டை நர்சம்மா கையில குடுத்துட்டு வா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத" என்றேன். "வெதைக்கு வெச்சது நர்சம்மா" என்று தயங்கினாள். நான் நகராமல் நின்றேன். அவள் பரணில் ஏறினாள்.

அன்று மாலை நீ சாமையை முறத்தில் கொட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கண் சிவந்திருந்தது. "ஆண்டவர் பதில் குடுத்துட்டார்டி. நான் போவல" என்றாய். "ஸ்தோத்திரம்" என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் காட்டாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து பிரசவத்துக்குக் கூப்பிட ஆள் வந்தான். அன்று என் முறை. ஆற்றில் தண்ணீர் போவதாகச் சொன்னான். நான் பையை எடுக்காமல் செருப்பைத் தேடுகிறமாதிரி தேடிக்கொண்டிருந்தேன். நீ பார்த்தாய். "உனக்குக் கழுத்துத் தண்ணி, எனக்கு இடுப்புத் தண்ணி. நான் போய்ட்டு வர்றேன்" என்று உன் அறைக்குள் போய் முழங்காலில் நின்றாய். "போகட்டுமா ஆண்டவரே?" என்றாய். பிறகு "சரி" என்றாய். அவர் என்ன சொன்னார் என்று சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.

பையைத் தலையில் சுமந்து முன்னால் போனவன் கரையேறித் திரும்பிப் பார்த்தபோது நீ இல்லை. பட்டப்பகல். அந்தக் குழந்தை நீயும் போகாமல் நானும் போகாமல் தானாகவே பிறந்து நன்றாக அழுதது என்று பிற்பாடு சொன்னார்கள். உன்னை மூன்றாம் நாள் எடுத்தார்கள். அடக்க ஆராதனையில் போதகர், தேவ சித்தம் என்றார். உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார்கள். யாருடைய சித்தத்தால் நீ அந்த மலையில் இருந்தாய் என்று அங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த மாசமே மலையை விட்டு இறங்கினேன். எங்கே வந்து சேர்ந்தேன் தெரியுமா? உனக்கு வந்த அதே மாற்றல், அதே ஆஸ்பத்திரி. உனக்கென்று இருந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதையும் எழுதுகிறேன்.

இனி வெள்ளச்சி சொன்னது. மூட்டையை மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தாள். "இது வெதைச் சாமை இல்ல நர்சம்மா, பயப்படாதீங்க" என்றாள். எனக்கு முகம் செத்துவிட்டது. அதைப் பார்த்து அவளே தொடர்ந்தாள். "அன்னிக்கு அவுங்க கேட்டாங்க, யாரு சொல்லிக் கொண்டாந்தேன்னு. எனக்குப் பொய் வராது. குட்டை நர்சம்மாதான் சொன்னாங்கன்னு சொல்லிட்டேன். அவுங்க சிரிச்சாங்க. அப்புறம் கண்ணத் தொடச்சிக்கினாங்க. 'நான் சொன்னது அவ காதுல விழுந்துச்சு, போதும். இத அவகிட்ட சொல்லிடாத, வெக்கப்படுவா'ன்னாங்க. அவுங்க போயி எத்தினி வருசமாச்சி, இனிமே சொன்னா இன்னா?"

உனக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. பதினாறு மாசம் தெரிந்துகொண்டே எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாய்! அடையாளம் கேட்பதையே கேலி செய்தவள் அன்றைக்கு மட்டும் ஏன் கேட்டாய்? ஏன் அவ்வளவு உரக்கக் கேட்டாய்? நான் இருக்கச் சொல்கிறேனா என்று என்னிடம் நேராகக் கேட்கக்கூடாதா? கேட்டிருந்தால் நானும் வீம்புக்குப் போ என்றுதான் சொல்லியிருப்பேன், அதுவும் உனக்குத் தெரியும். அந்த மாசத்திலிருந்து உன் ஜெபத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. "தனியா இருக்கப் பயப்படுறவங்களுக்குத் துணையா இருங்க ஆண்டவரே." மருந்தகத்தில் படுத்திருக்கிற நோயாளிகளுக்காக என்று நினைத்து, சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் அதற்கும் ஆமென் போட்டேன்.

வெள்ளச்சி என் பாரத்தை இறக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள். பாரம் இறங்கவில்லை. நான் உன்னை ஏமாற்றினவள் என்று இருந்தவரைக்கும் மன்னிப்புக் கேட்க ஒரு வழி இருந்தது. தெரிந்தே தங்கினவளிடம், எனக்குப் பயம் என்பதற்காகவே தங்கினவளிடம், எதை மன்னிக்கச் சொல்வேன்? உன் கால் வழுக்கின நேரத்தில் உன்னைக் காக்கவேண்டியவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவரோடு பன்னிரண்டு வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் பதினாறு மாசமும் என்னைக் காத்தது யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நீ போனதிலிருந்து நான் வாய்விட்டு ஜெபிப்பதில்லை. யார் காதிலாவது விழுந்து, யாராவது ஆண்டவர் வேலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டுவிட்டால்?

இன்று விடியற்காலை டியூட்டி அறையில் முழங்காலில் நின்றேன். என்னை அறியாமல் சத்தம் வந்துவிட்டது. சர்க்கரையைப் பற்றியும் சாமையைப் பற்றியும் எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த ஆயா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருகிட்ட சிஸ்டர் பேசிக்கினு இருக்கீங்க?"

ஆண்டவரிடம் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் வரவில்லை.