மெர்சலினின் கை

அன்பு மகள் ரொஷீனாவுக்கு,

மாதாவின் தயவில் நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகனும் அந்த இத்தாலிக் குளிரில் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்குச் சீனி குறைந்திருக்கிறது, தொதல் இனிப்பைத் தின்பதை மட்டும் விடவில்லை. தென்னந்தும்பு மில் வேலையை ஏன் விட்டீர்கள் என்று போனில் இரண்டு தடவை கேட்டாய், எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பின்வீட்டு மெர்சலினை உனக்குத் தெரியும், கோயிலில் உன்னோடு முதல் நன்மை வாங்கியவள். மாசி மாதம் அவளுடைய வலது கையை மில் உருளை இழுத்துவிட்டது. தேங்காய் மட்டையை உள்ளே கொடுக்கிற வாயின் மூடி உடைந்து மூன்று மாதம், மேற்பார்வைக்காரன் நான், முதலாளியிடம் சொன்னேன்தான், ஆனால் நான் உருளையை நிறுத்தவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஸ்டனி, அவ இண்டைக்கு வேலைக்கு வரல்ல, விளங்கிச்சா?" என்றார். வரவுப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே இருந்த புள்ளடியை நான்தான் அழித்தேன். நட்டஈட்டுக் கந்தோரிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தபோதும் அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அன்றிலிருந்து மகளே, மத்தியானச் சாப்பாட்டுக்கு மில்லை நிறுத்தினாலும் எனக்கு உருளை ஓடிக்கொண்டே இருந்தது. சோற்றைப் பிசைந்தால் என் விரல்களைப் பார்க்க முடியவில்லை. பொம்பளைகள் தும்பைக் காயப்போடும்போது அதற்குள் ஏதாவது தட்டுப்படுமோ என்று போய்ப் போய்க் கிளறினேன், எனக்குப் பைத்தியம் என்று சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியால் வந்து ஒரு கிழமையில் மெர்சலின் நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "ஸ்டனி மாமா, என்ட கைய எங்க போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். வேலைக்கே வராதவளின் கையைப் பற்றி நான் என்ன சொல்ல? தெரியாது என்றேன். அவள் போன பிறகு உன் அம்மா, "தெரியாதா? அண்டைக்கு பனியன் இல்லாம வந்தீங்களே, அது எங்க?" என்றாள். அப்போதுதான் ஒருவருக்கும் சொல்லாததை அம்மாவிடம் சொன்னேன். கையை மட்டை ஊறுகிற குழியில் வீசச் சொல்லியிருந்தார் முதலாளி. எனக்கு மனம் வரவில்லை. பனியனில் சுற்றி மில்லின் தாழை வேலிக்குப் பின்னால் புதைத்தேன்.

கொழும்பில் நட்டஈட்டு விசாரணை நடந்த அன்று முதலாளியின் சாட்சியாகத்தான் என்னைக் கூட்டிப் போனார்கள். அங்கே எழுந்து, நான் எழுதிக் கொடுத்தது பொய், அவள் வேலைக்கு வந்தாள், கை போனது எங்கள் மில்லில்தான் என்றேன். "அவ்வளவு நிச்சயமா?" என்று முதலாளியின் சட்டத்தரணி நக்கலாகக் கேட்டார். "நான்தான் ஐயா புதைச்சேன்" என்றேன். பொலிஸார் வந்து தோண்டினார்கள். தீர்ப்பு மெர்சலினின் பக்கம், எனக்கு அன்றைக்கே வேலை போனது.

ஃபாதர் சம்மதித்து, போன சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் அவளுடைய தாயின் குழியோரம், பொலிஸார் திருப்பித் தந்த கையை அடக்கம் செய்தோம். மண் போட்ட பிறகு அவள் என் பக்கத்தில் வந்து, "மாமா, நீங்க எடுக்கேக்க சூடா இருந்திச்சா?" என்று கேட்டாள். இருந்தது மகளே என்றேன். மற்றக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வெகுநேரம் விடவில்லை.

மருமகன் வேலை செய்கிற இடத்தில் சின்னக் கீறல் பட்டாலும் அன்றைக்கே எழுதிக் கொடுத்து ஒரு பிரதியைக் கையில் வைத்திருக்கச் சொல். எங்களைப் பற்றி யோசிக்காதே, இரண்டு பேர் வயிற்றுக்கு வழி இருக்கிறது. உருளைச் சத்தம் இன்னும் நிற்கவில்லை, எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்து. கர்த்தர் உங்கள் இருவருடைய கைகளையும் காப்பாராக.

உன் அப்பா
ஸ்டனிஸ்லாஸ்