நழுவிய கட்டை

என் அன்பானவருக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா தலை பின்ன உங்களிடம் ஒழுங்காக உட்காருகிறாளா?

நேற்று பட்டறையில் ஒரு கூத்து. உள்ளே கூடாக இருக்கும் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று கம்பி மாற்ற வந்தது. அதில் கம்பிகளைத் தாங்கும் மரக்கட்டையை ஒட்டியிருக்க மாட்டார்கள். கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கும். நான் ஏதோ நினைப்பில் எல்லாக் கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றிவிட்டேன். கட்டை நழுவி மடியில் விழுந்தது. கிட்டார்க்காரர் எதிரிலேயே இருந்தார்.

“ஐயையோ! சாயங்காலம் கச்சேரிங்க. இனி சுதி சேருமா?”

“சேரும். பதறாம உட்காருங்க” என்றேன்.

புதுக் கம்பிகளை மாட்டி, கட்டையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் ஸ்வரமே, நடுவில் அழுத்தி மீட்டும்போது மேல் ஸ்தாயியில் பிசகாமல் வரவேண்டும். ஒருவழியாக வந்தது. வாசித்துப் பார்த்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“என்ன காதுங்க உங்களுக்கு! வீட்டுல யாராவது பாடுவாங்களா?”

“எங்க வீட்டுக்காரர் பாடுவார். சுதிதான் சேராது.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சேராத பாட்டை ஒரு தரம் கேட்டால் போதும் என்றிருந்தது.

முதலாளி கூப்பிடுகிறார். ஒன்றே ஒன்று. கிட்டார் துடைக்க இங்கே மெத்தென்ற துணி கிடைப்பதில்லை. உங்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க மெனக்கெட வேண்டாம். கழற்றியதும் அப்படியே மடித்துக் கட்டிவிடுங்கள்.

உங்களவள்