களம்பூர் போட்டோ

ஏ களம்பூர்,

இன்று காலை, நீ போனை மாட்டிப் படம் எடுத்த ட்ரைபாடைக் குப்பையில் போடப் பார்த்தார்கள். கடையின் மாடி அறையைக் காலி செய்து எனக்கு மேசை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூலையில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்த ஒருவர், "இது ஒடஞ்சி கீதுங்க மேடம், தூக்கிப் போட்டுட்லாமா?" என்று கேட்டார். ஒடிந்த காலில் நீ சுற்றிய ராணிக் கலர் பட்டு நூல் அப்படியே இருந்தது. கழிவு நூல்தான். அதையே நீ எலும்பு முறிந்தவனுக்குக் கட்டுப் போடுவதுபோல மெனக்கெட்டுச் சுற்றியிருந்தாய். ஓடிப்போய் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். பாவம், மனிதர் பயந்துவிட்டார்.

மேடம் என்றதும் நீ சிரிப்பாய். உன் வாயில் நான் கடைசிவரை முள்ளிப்பட்டுதான். இந்தப் பட்டுக்கடையில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தபோது முதலாளி பெயரைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேட்டார். அன்றிலிருந்து நான் உனக்கு முள்ளிப்பட்டு, நீ எனக்குக் களம்பூர். நான் தறி வீட்டுப் பெண். நீ ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவரின் மகள். இருவரும் பட்டம் வாங்கியவர்கள். ஆனாலும் நமக்குக் கிடைத்த வேலை, ஆன்லைனில் கேட்பவர்களுக்குப் பதில் அனுப்புவதும் பொட்டலம் கட்டுவதும்தான்.

நீ பாதிக் கதையில் எழுந்து போய்விட்டாய். மீதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கடையின் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். வெள்ளைத் துணி விரித்த அந்தப் பெரிய மெத்தை ஆண்களுடையது. முதலாளியும் விற்பனை செய்கிறவர்களும் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவைகளை விரித்து வீசுவார்கள். வாங்க வருகிற பெண்கள் அதன் ஓரத்தில் உட்காரலாம். வேலை பார்க்கும் பெண்கள் மட்டும் நின்றபடியே மடிக்க வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை யாரும் போட்டதில்லை, ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை.

முதலாளியின் மகன் சின்ன முதலாளிக்கு போனில் லைவ் போட்டு விற்கும் ஆசை வந்தது. மெத்தையில் சிங்கமாக இருந்தவர்கள் எல்லாம் போனைக் கண்டதும் ஆளுக்கொரு வேலையைச் சொல்லி நழுவினார்கள். நீ என் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாய். போன் உன் கையில், அரக்குப் புடவை என் கையில். முந்தானையை விரித்துக் காட்ட வேண்டியவள், சட்டென்று புடவையை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் தறியிலிருந்து அறுத்த புடவையை அப்படித்தான் முதலில் பார்ப்போம். நூல் கொடுத்தவர் குறை கண்டுபிடித்துக் கூலியைப் பிடிப்பதற்கு முன் நாங்களே கண்டுபிடித்துவிட வேண்டும். கை அந்தப் பழக்கத்தில் போனது, வாயும் கூடவே போனது. "இங்க பாருங்க, ஒரு இழ அறுந்து முடிச்சு போட்டு கீது" என்று ஊர் உலகத்துக்கே அறிவித்தேன்.

பெரிய முதலாளி எழுந்தே விட்டார். "இன்னாமா இது! விக்கச் சொன்னா குத்தம் சொல்லிகினு கீறியே! நல்லா பேஜார் பண்ண போ!"

பொட்டலம் கட்டும் மேசைக்குப் பின்னால் போய் அழுதேன். நீ ஆறுதல் சொல்ல வந்தாய் என்று நினைத்தேன். நீயோ போனை என் மூக்கின் முன் நீட்டினாய். எந்த ஊரிலிருந்தோ ஒரு அம்மா எழுதியிருந்தார், புடவையின் உள்பக்கத்தை இதுவரை ஒரு கடையும் தனக்குக் காட்டியதில்லை என்று. அதே புடவையை, அந்த முடிச்சோடு, தனக்கே அனுப்பச் சொல்லியிருந்தார்.

"அழுதுகினே கேளு," என்றாய். "புடவைய திருப்பி அனுப்பறவங்க எல்லாம் இன்னா சொல்றாங்க? படத்துல ஒண்ணு, கையில ஒண்ணுன்னுதானே? நாமளே உள்பக்கத்தையும் போட்டோ புடிச்சி காட்டிட்டா எதுக்குடி திருப்பி அனுப்பப் போறாங்க?"

அந்த யோசனை உன்னுடையது. இதை நான் எங்கேயும் மாற்றிச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு வந்த வேலை என்னுடையது. தறிக்கு இயல்பான முடிச்சு எது, விற்கவே கூடாத பழுது எது என்று பிரித்தேன். கடைக்கு ஆப் செய்து தரும் வேலூர்ப் பையன்களோடு மல்லுக்கட்டி, அந்தப் படம் கடைசியில் ஒளிந்து கிடக்காமல் இரண்டாவது படமாக வரும்படி செய்தேன். முடிச்சுக்கும் பழுதுக்கும் வித்தியாசம் தெரியாத அவர்களுக்கு வீட்டிலிருந்து துண்டுத் துணிகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். மெல்ல மெல்லத் திரும்பி வரும் பொட்டலங்கள் குறைந்தன. முதலாளி என்னைப் பார்த்தால் முறைப்பதை விட்டார்.

பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே நீ போனில் எதையோ படித்துவிட்டுக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "அடிப்பாவி, இத்தினி நாளா நீ பண்ணிகினு கீற வேலைக்கு ஒரு பேரு கீதுடி! ப்ராடக்ட் மேனேஜராம்!" வாங்குகிறவருக்கு என்ன வேண்டும், எதை முதலில் சரி செய்வது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்கிற வேலை அது என்று படித்துக் காட்டினாய். பிறகு நீயே பங்கு பிரித்தாய். "நீ பொருள பாரு, நான் ஆள புடிக்கறேன். மார்க்கெட்டிங் எனக்கு."

அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் சின்ன முதலாளி ஒரு செய்தியோடு வந்தார். கடைக்கு ஒரு ப்ராடக்ட் மேனேஜரைப் போடுகிறார்களாம், அந்தப் பதவிக்குச் சென்னையிலிருந்து அனுபவமுள்ள ஒருவரை எடுக்கப் போகிறார்களாம். அவருக்கு நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டுமாம். நான் தலையாட்டினேன். நல்லதுதானே, பெரிய இடத்தில் வேலை பார்த்தவர், எனக்கு இங்கிலீஷும் அவ்வளவாக வராது என்று உன்னிடம் வந்து சொன்னேன்.

உனக்கு வந்த கோபம் அப்பப்பா! "வர்றவனுக்கு நீதான் எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கணும்னா, அவன் எதுக்கு? நீ புடவைய மட்டும் திருப்பிப் பாக்கல முள்ளிப்பட்டு. உன்னையும் எப்ப பாரு திருப்பிதான் பாத்துகினு கீற. முந்தானைய யாரு பாக்கறது?"

மறுநாளே பயிற்சி தொடங்கிவிட்டாய். மத்தியானம் ஆண்கள் சாப்பிடப் போனதும் நீ மெத்தையில் ஏறி, திண்டில் சாய்ந்து, முதலாளி மாதிரியே தொண்டையைச் செருமினாய். எனக்கு உயிரே போய்விட்டது. "எறங்குடி, யாராவது வந்துருவாங்க" என்று கெஞ்சினேன். நீ அசையவில்லை.

"இன்னாமா, இன்னா வேணும்?"

"ஒண்ணுமில்லீங்க அண்ணா, சும்மா ஒரு..."

"சும்மாவா? அப்ப போயி பொட்டலம் கட்டு."

எத்தனையோ மத்தியானம் இப்படியே பொட்டலம் கட்டத் துரத்தப்பட்டேன். ஒருமுறை சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வந்த விற்பனைக்காரர் ஒருவர் வாசலில் நின்று முழுவதையும் பார்த்துவிட்டார். யாரிடமும் சொல்லாமல், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். நீ அதற்கும் இறங்கவில்லை. "நீ இன்னா பண்ணேன்னு மொதல்ல சொல்லு. அதனால இன்னா ஆச்சுன்னு சொல்லு. அப்புறம் இன்னா வேணும்னு கேளு. நடுவுல மன்னிப்பு மட்டும் கேக்காத" என்றாய். நான் ஒருவழியாகத் திக்காமல் சொல்லி முடித்த அன்று, திங்கட்கிழமை போய்க் கேட்பது என்று முடிவு செய்தோம். நீ பக்கத்தில் நிற்பதாகப் பேச்சு.

அந்தத் திங்கட்கிழமை நீ வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். நானும் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன உன்னை, அந்த வாரமே உடலாகத்தான் களம்பூருக்கு எடுத்து வந்தார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னப் பத்தியேதாம்மா பேசிகினு இருப்பா" என்றார். எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. இப்போதும் களம்பூர் பஸ் வந்து நின்றால், இறங்குகிறவர்களில் நீ இருக்கிறாயா என்று கண் தேடிவிட்டுத்தான் திரும்புகிறது.

பிறகு நான் எதையும் கேட்கப் போவதில்லை என்றுதான் இருந்தேன். சென்னைக்காரர் அடுத்த வாரம் வருகிறார் என்று தெரிந்த காலையில், உன் இடத்தில் நின்று நானே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். மெத்தையில் முதலாளி தொண்டையைச் செருமினார். சத்தியமாகச் சொல்கிறேன், அது நீ செருமியது மாதிரியே இருந்தது. கையில் இருந்த டேப்பை வைத்துவிட்டு நடந்தேன்.

"இன்னாமா, இன்னா வேணும்?"

அதே கேள்வி! 'ஒண்ணுமில்லீங்க' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். "கொஞ்சம் உக்காந்து பேசணும்ங்க அண்ணா" என்று சொல்லி, மெத்தையில் ஏறி அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். புடவை விரித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. சின்ன முதலாளி போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அந்த உள்பக்கத்து போட்டோ வேல நான் பண்ணதுங்க. அதனால சரக்கு திரும்பி வர்றது கொறஞ்சிது. ப்ராடக்ட் மேனேஜர் வேல எனக்கு வேணும்."

"அது அந்தக் களம்பூர் பொண்ணு யோசனையில்ல?" என்றார் பெரியவர்.

"ஆமாங்க. கேமரா முன்னாடி தப்பா திருப்பிக் காட்டினது நான். அதையே தெனமும் காட்டலாம்னு சொன்னது அவ. எத காட்டணும், எத விக்கக் கூடாதுன்னு பிரிச்சி, ஆப்ல வச்சி, இன்னி வரைக்கும் நடத்திகினு வர்றது நான். வேற ஆளு வந்தாலும் என்னைத்தான் கேக்கப் போறாரு. என்னையே போடுங்க."

சின்ன முதலாளி, "கொஞ்ச நாளைக்குப் பாக்கலாம்பா" என்று இழுத்தார்.

"தாராளமா பாருங்க. ஆனா பதவியும், அவருக்குப் பேசின சம்பளமும் இன்னிலேருந்து குடுத்துட்டுப் பாருங்க."

பெரியவர் என்னை வெகுநேரம் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. கடைசியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்டி பேச ஒனக்கு யாருமா கத்துக் குடுத்தது?"

"நீங்கதாண்ணா. தெனமும் மத்தியானம், இதே மெத்தைல."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு போனாரே, அந்த விற்பனைக்காரர் மட்டும் புரையேறி இருமினார். இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய முதலாளி மகனைப் பார்த்து, "சென்னைக்குப் போனைப் போட்டு வேணாம்னு சொல்லிடுடா" என்றார்.

அவ்வளவுதான் களம்பூர், நீ கேட்காமல் போன மீதிக் கதை. அன்று மாலை சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லாமல் பஸ் ஸ்டாண்டில் தனியாக டீ குடித்தேன். அழுதேன். ஆனாலும் நிமிர்ந்துதான் வீட்டுக்குப் போனேன்.

நீ கேட்டு வைத்த மார்க்கெட்டிங் இடத்துக்கு நம் பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி, என்னையே எதிர்த்துப் பேசுகிறாள், உனக்குப் பிடித்திருக்கும். புடவையின் உள்பக்கத்துப் படத்துக்குக் கடையில் இப்போது களம்பூர் போட்டோ என்றுதான் பெயர். நான் அப்படிச் சொல்ல ஆரம்பித்தது, எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. "களம்பூர் போட்டோ எடுத்தாச்சா?" என்று பெரிய முதலாளியே கேட்கிறார். "களம்பூர்ல அரிசிதானே மேடம் கெடைக்கும், பட்டு ஏது?" என்று அந்தப் பெண் குழம்பிப்போய்க் கேட்டாள். மெத்தையில் உட்காரச் சொல்லி, முழுக் கதையையும் சொன்னேன்.

ட்ரைபாட் இப்போது என் மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறது. கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது, நிற்கட்டும். நாளை சென்னையில் ஒரு பெரிய துணிக் கம்பெனியோடு பேச்சு. களம்பூர் போட்டோவை அவர்கள் ஆப்பிலும் போடக் கேட்கிறார்கள், நான்தான் போய்ப் பேசப் போகிறேன். அங்கேயும் வாயைத் திறக்கும்போது 'சும்மா' என்ற வார்த்தை முதலில் வந்து நிற்கும், எனக்குத் தெரியும். உடனே நீ திண்டில் சாய்ந்துகொண்டு பொட்டலம் கட்டப் போகச் சொல்வாய். நான் போக மாட்டேன். கேட்க வந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பேன்.

உன்,
முள்ளிப்பட்டு