வேலிக்கு இந்தப் பக்கம் கேட்ட வாய்ப்பாடு

கிண்ணியா
12.10.1986

அன்புத் தங்கச்சி றம்ஸியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பக்கத்து வீட்டு பல்கீஸ் ராத்தா எழுதுகிறேன். உன் மகள் ஸல்ஹா என் வீட்டில் இருக்கிறாள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஜித்தாவில் தனியாக இருக்கிறவள் நீ, அதனால் அதை முதலில் சொல்லிவிட்டேன். இனி ஆறுதலாக இருந்து படி.

அகதிகள் இருந்த பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தும் உன் புருசன் லாபிர் பிள்ளையை அனுப்பவில்லை. சந்திக்குச் சந்தி சோதனை, பொம்பிளைப் பிள்ளையை எப்படி விடுவது, நானே வீட்டில் படிப்பிக்கிறேன் என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பின்னேரமானால் அவள் தொண்டை கிழிய வாய்ப்பாடு சொல்வது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும். தகப்பன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவே மெச்சியது. அவர் அனுப்பிய கசெட்டில் அதைக் கேட்டுச் சந்தோசத்தில் அழுததாக நீயும் எழுதியிருந்தாய்.

போன கிழமை ஷெல் விழத் தொடங்கியதும் எல்லோரும் பள்ளிவாசலுக்கு ஓடினோம். லாபிர் மூதூருக்குப் போயிருந்தார். ஸல்ஹாவைக் காணவில்லை என்று நான் திரும்பிப் போனால், கதவு வெளியால் பூட்டியிருக்கிறது. கிடுகு ஓலைச் சுவரைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனேன். வாப்பா வெளியே போகச் சொல்லவில்லை என்று மூலையில் குந்தியிருந்தாள். கையைப் பிடித்து இழுத்தபோது சட்டைக் கை மேலே ஏறியது. இடுப்புவார் அடி. காய்ந்ததும் இருந்தது, காயாததும் இருந்தது. முதுகைப் பற்றி எழுத எனக்கு ஏலாது.

அடிக்கும்போது அழுதால் இன்னும் அடி விழுமாம். அழாமல் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். அவளே சொன்னாள். நாங்கள் கேட்டு மெச்சியது அதைத்தான், தங்கச்சி. நாசமாய்ப் போன எங்கள் காதுகள்.

அதற்குப் பிறகு அவள் கதைக்கவில்லை. குசினியில் ஒரு மூடி விழுந்தாலும் தலையைக் கையால் மூடிக்கொண்டு ஏழாம் வாய்ப்பாட்டை முணுமுணுக்கிறாள். நித்திரையிலும் அதுதான். டவுனுக்குக் கொண்டுபோய் டொக்டருக்குக் காட்டலாம் என்றால் துறையில் படகு ஓடவில்லை.

லாபிர் வந்து பள்ளிவாசல் ஆட்களுக்கு முன்னால் அழுகிறார். படிப்புக்காகத்தானே அடிச்சனான், என்ட பிள்ளையைத் தாங்க என்கிறார். பாதிப் பேர் அவர் பக்கம். ஸஹாப்தீன் ஹாஜியார் மட்டும், உம்மாட வாயால ஒரு சொல்லு வரட்டும், அதுவரைக்கும் பிள்ளை பல்கீஸோட இருக்கட்டும் என்று தடுத்து வைத்திருக்கிறார். எத்தனை நாளைக்கு அவரால் தடுக்க ஏலுமோ தெரியாது.

கடிதம் வந்தால் நான் எழுதுவித்தது என்பார்கள். ஆகையால் கசெட்டில் பேசி, ஊருக்கு வரும் முதல் ஆளிடம் கொடுத்துவிடு. ஒரு பக்கம் பள்ளிவாசலுக்கு. மகள் பல்கீஸ் ராத்தாவோடு இருக்க வேண்டும் என்று அழாமல், தெளிவாகச் சொல்லு. மறுபக்கம் மகளுக்கு. நீ ஒரு பிழையும் செய்யவில்லை என்று சொல்லு. ஜித்தாவில் என்ன சமைத்தாய் என்று வேண்டுமானாலும் சொல்லு. படிக்கிறாயா என்று மட்டும் கேட்டுவிடாதே.

புதுக் கசெட் தேட வேண்டாம். உன்னிடம் இருக்கிற அந்தப் பழைய கசெட்டின் மேலேயே பேசு. அவளுடைய அந்தச் சத்தம் அழிந்து உன் குரல் வரட்டும்.

உங்கள் இருவருக்காகவும் துஆக் கேட்கும்,
பல்கீஸ் ராத்தா